எதிராளி நாற்காலி

என் பழைய துறையிலிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இப்போது அங்கே உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒரு பெண். "மேடம், கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. உங்கள் ஞாயிறு வகுப்பைச் 'சிறந்த நடைமுறை' என்ற தலைப்பில் கோப்பில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். நோக்கம், செயல்முறை, விளைவு என்று ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா? புகைப்படம் இரண்டு இருந்தால் நல்லது" என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வகுப்பை நான் பதினாறு வருடம் நடத்தியபோது, "தமயந்தி மேடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேலை இல்லை போலிருக்கிறது" என்று சொன்ன துறை அது. பதவி உயர்வு நேர்காணலில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடைத்ததில்லை. இருந்தாலும் அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டிருக்கிறார், எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். நோக்கம் நாலு வரியில் முடிந்தது. செயல்முறை பத்து வரி. விளைவு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அங்கே நான் எழுத வேண்டியது மும்தாஜைப் பற்றி. ஒரு பக்கத்துக்குள் அவளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் கோப்புக்குத் தனியாக ஏதோ ஒப்பேற்றி அனுப்பிவிட்டு, இதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். படித்தது சர்வதேச உறவுகள். "பொண்ணு இன்னா படிக்குது?" என்று தெருவில் கேட்டால், என் அம்மா கொஞ்சமும் தயங்காமல், "வெளிநாட்டு சொந்தக்காரங்களப் பத்தி" என்று சொல்லிவிடுவாள். டெல்லியில் ஆறு வருடம் உட்கார்ந்து, குறுகிய கடல்வழிகளில் கப்பல்கள் கடந்து செல்லும் உரிமை பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். அதை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர்: நான், என் நெறியாளர், தேர்வாளர். நெறியாளர் விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பிறகு நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் வேலை. முப்பத்தொரு வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

என் துறைத் தலைவர் நரசிம்மன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் யாரும் எழுந்து போக முடியாது என்று அர்த்தம். துறையின் கருத்தரங்க அறையில் ஒரு பழைய தேக்கு நாற்காலி இருந்தது. முன் கால் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் டொக் டொக்கென்று ஆடும். அதில் சும்மா யாரும் உட்கார மாட்டார்கள், காரணம் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு சக ஆசிரியர் கட்டுரை வாசித்தார். முடிந்ததும் நான் எழுந்து அதைக் கிழி கிழியென்று கிழித்தேன். டெல்லியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சார் கடிகாரத்தைக் கழற்றினார்.

"அந்த நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள்தான் அந்தக் கட்டுரையை எழுதியவர் என்று வைத்துக்கொண்டு, அவர் சொன்னதை 'நான்' என்று சொல்லுங்கள். எழுதியவர் 'ஆமாம், இதுதான் நான் சொன்னது' என்று ஒப்புக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு உங்கள் விமர்சனத்தைக் கேட்போம்."

சொன்னேன். அந்த ஆசிரியர் "இல்லை" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "இல்லை". நாலாவது முறை டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஐந்தாவது முறை அவர் "ஆமாம்" என்றபோது, நான் சொல்ல வைத்திருந்த விமர்சனத்தில் பாதி காணாமல் போயிருந்தது. மீதியைச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். ரொம்ப நாள் சார்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் எனக்கு ஏதோ நடந்தது என்பதும் தெரிந்தது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் என்னை விடவில்லை.

ஞாயிறு வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் கன்னியப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று சாலையை அடைத்திருந்தன. எதிர் இருக்கையில் இருந்தவர் என் மடியில் இருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா பாடம் மிஸ் நீங்க?"

சொன்னேன்.

"அப்போ ஒண்ணு கேக்கறேன். முப்பத்தாறு வருசம் கிரேன்மேல குந்திகினு பாத்தேன். கப்பல்ல ஒரு நாட்டுக் கொடி. ஓனரு வேற நாடு. ஆளுங்க வேற நாடு. சரக்கு வேற நாடு. அதுல ஒருத்தன் செத்தா எந்த நாடு மிஸ் கேக்கும்?"

வசதிக் கொடி என்று அதற்குப் பெயர். பதினோரு வருடம் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். காசிமேடு வரும்வரை நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா எந்த நாடு கேக்கும்னு சொல்லலியே" என்று சொல்லி இறங்கிப் போனார். நான் ராயபுரத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் இறங்க மறந்தது தெரிந்தது.

அடுத்த மாதமே திருவொற்றியூரில், தையல் பயிற்சி நடக்கும் ஒரு மாடி அறையை ஞாயிறுகளுக்கு மட்டும் கேட்டு வாங்கினேன். காலை பத்து முதல் ஒரு மணி வரை. பதிவேடு கிடையாது, சான்றிதழ் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஸ்டூல் போட்டுக்கொள்வோம். காசிமேட்டில் விசாரித்துக் கண்டுபிடித்த கன்னியப்பனும் அவர் கூட்டி வந்த நாலு பேரும்தான் முதல் வகுப்பு. பிறகு லாரி ஓட்டுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வியாசர்பாடியிலிருந்து ஒரு மின்வாரிய ஊழியர், மீன் விற்கிற பெண்கள் என்று வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல முறையை அங்கே கொண்டு வந்தேன். இரண்டு பேருக்குள் கருத்து மோதினால் ஒருவர் எதிராளியின் இடத்தில் உட்கார வேண்டும். எதிராளியாகவே மாறி 'நான்' என்று பேச வேண்டும். நையாண்டிக் குரல் கூடாது. எதிராளிக்கு இரண்டே வார்த்தைதான் அனுமதி: 'இல்ல', அல்லது 'ஆமா'. 'ஆமா' வரும்வரை பதில் பேச முடியாது. வந்த பிறகு எழுந்து தன் ஸ்டூலுக்குத் திரும்பி வந்து பதிலைச் சொல்லலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடிக்கிற ஒருவரும் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒருவரும் அந்தத் தண்ணீரைப் பற்றி மூன்று ஞாயிறு மாறி மாறி உட்கார்ந்தார்கள். 'ஆமா' வர மூன்று வாரம் பிடித்தது. எந்த நாட்டுப் பேச்சுவார்த்தையையும்விட அதை நான் ஆவலாகக் கவனித்தேன்.

நரசிம்மன் சாருக்கு விஷயம் போயிற்று. ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. அன்றைக்குத் துறைமுகத்தில் எந்திரம் வந்து ஆட்கள் குறைந்ததைப் பற்றிப் பேச்சு. சார் அதில் ஏதோ திருத்தம் சொன்னார். கன்னியப்பன் அசரவில்லை.

"சார், குந்துங்க. மொதல்ல நான் சொன்னத நீங்க சொல்லுங்க. அப்பால திருத்தலாம்."

அறையே என்னைப் பார்த்தது. நான் சுவரோரத்துத் தையல் மெஷின்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சார் கடிகாரத்தைக் கழற்றி ஒரு மெஷின்மேல் வைத்தார். பிறகு உட்கார்ந்து கன்னியப்பனாக மாறிப் பேசினார். "இல்ல சார்." மறுபடி பேசினார். "இல்ல." அதற்கு அப்புறமும் மூன்று முறை 'இல்ல' விழுந்தது. சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆறாவது முறை பேசாமல், "இன்னொரு தடவை நீங்கள் சொல்லுங்கள், நான் சரியாகக் கேட்கவில்லை" என்றார். ஒரு மணி வரை இருந்தார். போகும்போது கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அலுவலக உதவியாளர் ஒருவர் ஆட்டோவில் அந்தத் தேக்கு நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினார். "சார் குடுத்தனுப்பினாரு. துறையில இதுக்கு வேலை இல்லையாம்" என்றார். அந்தக் குட்டைக் காலைச் சரி செய்யலாமா என்று கன்னியப்பன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மும்தாஜ் எங்கள் வகுப்பில் சேர்ந்தவள் அல்ல. அந்த அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது. வாரநாட்களில் அங்கே தையல் சொல்லிக்கொடுப்பாள். ஞாயிறு திறந்துவிட்டு, மெஷின்மேல் யாரும் டீ கிளாஸ் வைக்கிறார்களா என்று காவல் காக்கத்தான் உட்கார்ந்தாள். எட்டாவதோடு படிப்பு நின்றவள். இரண்டாவது மாதம் காவலுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். பிறகு ஒரு ஞாயிறும் அவள் தவறவிட்டதில்லை. வீடு ராயபுரத்தில், என் அம்மா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. அவள் கணவர் சலீம் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது சலீம் போன கப்பல் சிக்கிக்கொண்டது. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற பழைய கப்பல். முதலாளி போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். கேப்டனும் எஞ்சின் பிரிவில் மேலே இருந்தவர்களும் உடம்பு சரியில்லை என்று முதலிலேயே இறங்கிப் போய்விட்டார்கள். மீதி பதினோரு பேர். பாஸ்போர்ட்டெல்லாம் துறைமுக அதிகாரியிடம், அவர் யாரையும் இறங்க விடவில்லை. தண்ணீர் கேன் வாரத்துக்கு ஒருமுறை படகில் வரும். டீசல் இருக்கும்போது சலீம் ஜெனரேட்டரைப் போடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்.

மும்தாஜ் என்னிடம் வந்தாள்.

"மிஸ், நீங்க இத்தத்தான படிச்சிகீறீங்க? எந்த நாடு கேக்கும்னு சொல்லுங்க."

கன்னியப்பனின் பழைய கேள்வி. இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். அவள் சலீமின் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். நான் அவசரத்தில் பாதிதான் கேட்டேன். கப்பலின் பெயர், கொடி, முதலாளியின் ஊர் இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து ஏழு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். எத்தனை உடன்படிக்கைகள், எத்தனை பிரிவுகள்! கொடி நாடு, முதலாளியின் நாடு, கப்பல் நிற்கிற நாடு, நம் நாடு என்று நாலு இடத்துக்கும் அனுப்பினேன். என் முனைவர் பட்டத்துக்கு அப்புறம் நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று கர்வம் வேறு.

இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பதில். 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.' மும்தாஜ் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் சலீமின் மெசேஜ்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. கடைசியாக வந்ததில், 'நல்லா கீறேன், பாப்பாவ ஒயுங்கா ஸ்கூலுக்கு அனுப்பு' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்த ஞாயிறு அவள் வகுப்பில் வெடித்துவிட்டாள். "ஆளுங்கள வுடாத அந்த ஹார்பர் ஆபீசருக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா?" என்றாள்.

கன்னியப்பன் நாற்காலியைக் காட்டினார். "குந்தும்மா. நீதான் அந்த ஆபீசரு. சொல்லு."

"அவரு இங்க இல்லியே நைனா. ஆமா இல்லன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். முப்பத்தாறு வருசம் அவனுங்க கத்தறத கேட்டுகினுதான் வேல செஞ்சேன்."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி டொக்கென்றது.

"நான் கல்நெஞ்சுக்காரன். எவன் செத்தா எனக்கு இன்னா."

"இல்ல. எந்த ஆபீசரும் தன்னிய அப்டி நெனைக்க மாட்டான்."

"எனக்கு எவனோ மேல கீறவன் சொல்லி வெச்சிகீறான், ஆளுங்கள வுடாதன்னு."

"இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வேறு குரலில், மெதுவாகப் பேசினாள். சலீம் முதல் மெசேஜிலேயே சொன்ன விஷயம் அது. நான் பாதியில் நிறுத்தினேனே, அதன் மறுபாதி.

"என் துறைமுகத்து வாசல்ல ஒரு கப்பல் நிக்குது. ஓனரு ஓடிட்டான். காத்து அடிச்சி நங்கூரம் நகுந்தா, அது வந்து என் வாசல்லதான் மோதும். லைட்டு எரியலன்னா வேற கப்பல் அதுமேல வுயும். அன்னிக்கு அதுல ஆளு இல்லன்னா என் வேல போச்சு. அந்தப் பதினோரு பேருமேல எனக்குக் கோவம் ஒண்ணியும் இல்ல. கப்பல பாத்துக்க ஆளு வேணும். அவ்ளோதான்."

"ஆமா," என்றார் கன்னியப்பன். "இதான்."

எனக்குக் காது சுட்டது. நாலு நாடுகளுக்கு எழுதியிருந்தேன். பயந்துகொண்டிருந்த அந்த ஒரு மனிதருக்கு ஒரு வரி எழுதவில்லை. நாடுகளைத் தவிர வேறு யாரும் கண்ணில் படாத அளவுக்கு நான் படித்திருந்தேன்.

மும்தாஜ் எழுந்து தன் ஸ்டூலுக்கு வந்தாள். "நைனா, கப்பல பாத்துக்க எத்தினி பேரு போதும்?"

"நங்கூரத்த பாக்க ஒருத்தன், ஜெனரேட்டருக்கு ஒருத்தன். மாத்தி மாத்தித் தூங்கணும்னா மூணு பேரு."

"ஜெனரேட்டர் தெரிஞ்ச ஆளு கண்டிப்பா வேணுமா?"

"வேணும். லைட்டு இல்லாத கப்பல அவன் எப்டி ஒத்துக்குவான்?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். மெல்ல மூடியைத் திருகினாள். எப்படி எழுதுவது என்று வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு தையல் அளவு எழுதும் நோட்டைப் பிரித்துத் தமிழில் ஆறு வரி எழுதினாள். 'ஐயா, உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. கப்பலைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருக்கட்டும். அதில் ஒருவர் ஜெனரேட்டர் ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். மற்ற எட்டுப் பேரை அனுப்பிவிடுங்கள். கப்பலுக்கு ஒரு வழி பிறந்ததும் இந்த மூன்று பேரையும் அனுப்புங்கள். இது அவர்கள் வீட்டார் எழுதுவது.'

நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். ஓர் உடன்படிக்கையையாவது நடுவில் சொருகக் கை பரபரத்தது. எழுதி, அடித்துவிட்டேன். தண்ணீர் கேன் கொண்டுபோகும் படகில் மாலுமிகளுக்கு உதவி செய்யும் ஒருவர் வருவார். அவர் மூலம் கடிதம் நேராகத் துறைமுக அதிகாரியின் மேசைக்கே போனது.

மூன்று வாரத்தில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். சலீம் வரவில்லை.

அந்தக் கப்பலில் ஜெனரேட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பெயர்த்து, நான் அனுப்பிய கடிதம் அவரை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது. அவளுக்கு இது தோன்றாமல் போனதற்கும் நான்தான் பொறுப்பு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பேராசிரியர் நான்தானே என்று நினைத்தேன். அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"உள்ள வாங்க மிஸ். டீ குடிங்க மொதல்ல," என்றாள் மும்தாஜ். மகளின் யூனிஃபார்முக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "எட்டு பேரு வூட்லேர்ந்தும் போன் பண்ணாங்க. மீஞ்சூர்லேர்ந்து ஒரு அம்மா ஒரே அழுவ. நீங்க இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க?"

அடுத்த பட்டனை எடுத்தாள். அந்தச் சமாதானம் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. படித்தவள் ஒருத்தி நாற்காலி வைத்து விளையாடி, ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டேன் என்றே தோன்றியது. நாலாவது ஞாயிறு பத்தே காலுக்கு போன் வந்தது.

"மிஸ், தொறந்து வெச்சிகினு கீறேன். எல்லாரும் குந்திகினு கீறாங்க. வரலியா?"

போனேன். வேறென்ன செய்வது?

சலீம் வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. கப்பலை யாரோ ஏலத்தில் எடுத்து இழுத்துப் போன பிறகு மூன்று பேரையும் அனுப்பினார்கள். வந்த இரண்டாவது ஞாயிறு அவரே மும்தாஜோடு மாடியேறி வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். முன் பல் ஒன்று போயிருந்தது. எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு நின்றபடியே கேட்டார்.

"அந்த ஆபீசரு லெட்டர எங்களுக்குப் படிச்சிக் காட்டினாரு. மூணு பேரு, அதுல ஒருத்தன் ஜெனரேட்டர் தெரிஞ்சவன். யாரு எழுதினது அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மும்தாஜ் சொன்னாள். "நான்தான்."

சலீம் அவளையே பார்த்தார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அஞ்சு மாசம்," என்றார். "ஏன்னு சொல்லு."

மும்தாஜ் நாற்காலியைக் காட்டினாள். "இங்க ஒரு முறை கீது. குந்துங்க. நான் ஏன் எழுதினேன்னு நீங்களே சொல்லுங்க."

கன்னியப்பன் அவருக்கு முறையை விளக்கினார். சலீம் உட்கார்ந்தார். டொக்.

"எனக்கு ஒண்ணியும் தெரியாது. பெரியவங்க சொன்னாங்க, எழுதிட்டேன்."

"இல்ல."

"ஜெனரேட்டர் பாக்க வேற ஆளு கீறாங்கன்னு நெனச்சேன். இவரு வந்துடுவாருன்னு நெனச்சேன்."

ஐந்து மாதமாக நான் நம்பியிருந்தது அதைத்தான். அதை நினைத்துத்தான் நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

"இல்ல," என்றாள் மும்தாஜ்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

சலீம் தரையைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது முறை பேசினார். "இவரு எனக்கு வேணாம்னு நெனச்சேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முறையை மீறி ஒரு வார்த்தை பேசவில்லை. "இல்ல," என்றாள்.

சலீம் நாற்காலி ஆடாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தே சொன்னார்.

"ஜெனரேட்டர் தெரிஞ்சது என் வூட்டுக்காரரு ஒருத்தருதான். அவரே வாய்ஸ்ல சொல்லிகீறாரு. அத்த எழுதினா அவரு வரமாட்டாரு. எழுதலன்னா அந்த ஆபீசரு ஒத்துக்க மாட்டாரு, பதினோரு பேரும் அங்கியே கெடப்பாங்க. தெரிஞ்சேதான் எழுதினேன். பேனா அவரு கையில இருந்தா அவரும் இத்தத்தான் எழுதுவாரு. அத்தொட்டு எழுதினேன்."

"ஆமா," என்றாள் மும்தாஜ். "அதான்."

அந்தத் தண்ணீர் பாட்டிலும், அவள் மெல்ல மூடியைத் திருகியதும் என் கண்முன் வந்தன. வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தேனே! யாராலும் எழுத முடியாத ஒரு வரியை என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒருத்தி எழுதினாள். உலகத்துப் பேச்சுவார்த்தைகளையெல்லாம் பாடம் எடுத்த நான், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

முறைப்படி இனி சலீமின் முறை. அவர் எழுந்து தன் ஸ்டூலுக்கு வந்தார். ஆனால் உட்காரவில்லை.

"இப்ப உன் பதிலச் சொல்லுப்பா," என்றார் கன்னியப்பன்.

"பதிலா?" சலீம் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மும்தாஜின் பக்கம் திரும்பினார். "சாவிய மிஸ்ஸாண்ட குடு. வூட்டுக்குப் போலாம், வா."

அன்றைக்கு யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. ஒரு மணி ஆனதும் ஸ்டூல்களை அடுக்கி, தையல் மெஷின்களைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டோம். பதினாறு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அறையை நான் பூட்டினேன்.